புதிய செயலியும் பழைய மனக்குறையும்

அறிவியல் ஆக்கங்கள் மனிதனின் உழைப்பைக் குறைத்தன; தொலைவைச் சுருக்கின; காலத்தை மிச்சப்படுத்தின. இதனை மறுப்பார் இலர். ஆயினும் அவ்வாக்கங்கள் மனிதனுக்குப் புதியதொரு மனக்குறையையும் கற்றுத் தந்துள்ளன. நேற்று வாங்கிய பொருள் இன்று பழையதாகிவிட்டதே என்னும் குறையே அது. நம் பாட்டன்மார் வாங்கிய செம்புக் குடமும் தேக்குப் பெட்டியும் பேரர் காலம்வரை நின்றன. அடுத்த ஆண்டு இதைவிட நல்ல குடம் வரக்கூடும் என்று எண்ணி அவர்கள் உறக்கம் இழந்ததில்லை. இன்று மடிக்கணினி வாங்குவோரின் நிலை அத்தகையதன்று.

கடந்த கல்வியாண்டின் இறுதியில் நம் துறையின் முதுகலை மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய அண்ணன் துபாயில் பணிபுரிபவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் ஊர் வருபவர். இம்முறை தம்பிக்கு ஒரு மேக்புக் ஏர் மடிக்கணினி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சியோடு வந்திருக்க வேண்டிய மாணவர் முகவாட்டத்தோடு வந்தார். "ஐயா, இப்போதே வாங்கி வரச் சொல்லட்டுமா, வேண்டாமா? சில மாதங்களில் புதிய செயலியோடு வந்துவிடும் என்கிறார்கள். இப்போது வாங்கினால் ஏமாந்துவிடுவேனோ என்று இருக்கிறது" என்றார்.

'ஏமாந்துவிடுவேனோ' என்ற அச்சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. விற்பவர் எடையைக் குறைக்கவில்லை. பழுதுபட்ட பொருளைத் தரவில்லை. சொன்ன விலைக்குமேல் ஒரு காசும் பெறவில்லை. அவ்வாறாயின் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? அது வாங்குபவரின் மயக்கமா, விற்பவரின் குற்றமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு ஆப்பிள் நிறுவனம் பொதுமக்களுக்கென விற்றுவரும் மடிக்கணினி வரிசையையே சான்றாகக் கொள்கிறேன். கால் நூற்றாண்டில் இரண்டுமுறை தன் நுண்செயலியின் குலத்தையே மாற்றிக்கொண்ட வரிசை அது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எழுந்த வாழ்த்தும் வசையும் நமக்கு நல்ல பாடங்களாக அமைந்துள்ளன.

மாற்றத்தின் தொடக்கம்

1999 ஜூலை 21ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் என்னும் மடிக்கணினியை அறிமுகம் செய்தது. நீலமும் ஆரஞ்சுமாக, விளையாட்டுப் பொருள் போன்ற தோற்றத்தில் வந்த அக்கணினி மாணவர்க்கும் வீட்டு மக்களுக்கும் உரியதெனக் கூறப்பட்டது. அதனுள் இயங்கியது பவர்பிசி வகை நுண்செயலி. ஆப்பிள், ஐபிஎம், மோட்டரோலா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1991இல் கைகோத்ததன் விளைவாகப் பிறந்தது அவ்வகை.

நுண்செயலி என்பது கணினியின் கணக்கப்பிள்ளை எனலாம். நாம் இடும் கட்டளைகள் அனைத்தும் அதன் மொழியில் எழுதப்பட்டிருந்தால்தான் அது நிறைவேற்றும். பவர்பிசியின் மொழி வேறு. இன்டெல் நிறுவனச் செயலிகளின் மொழி வேறு. எனவே ஒரு குலத்திலிருந்து மற்றொரு குலத்துக்கு மாறுவது ஒரு நாட்டின் ஆட்சிமொழியை மாற்றுவதற்கு ஒப்பானது. பழைய ஆவணங்கள் எல்லாம் மொழிபெயர்ப்பாளரை நாட வேண்டியிருக்கும்.

2005 ஜூன் 6ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் மென்பொருள் வல்லுநர் மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் இம்மாற்றத்தை அறிவித்தார். ஓராண்டுக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பவர்பிசி கணினியைத் தருவதாக 2003இல் தாம் அளித்த வாக்கைக் காப்பாற்ற இயலவில்லை என்பதை அவர் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். செலவாகும் மின்சாரத்துக்கு ஈடாக எவ்வளவு வேலை நடைபெறுகிறது என்பதே இனி அளவுகோல் என்றும், அவ்வளவையில் இன்டெல்லே சிறந்தது என்றும் விளக்கினார். மேசைக் கணினிக்கு வெப்பம் ஒரு தொல்லை; மடியில் வைக்கும் கணினிக்கோ அது உயிர்ப்பிரச்சினை. ஆகவே இம்மாற்றத்திற்குத் தக்க காரணம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆறு திங்களில் இரண்டு கணினிகள்

2006 மே 16ஆம் நாள் ஐபுக்கின் இடத்தில் மேக்புக் வந்தது. அதனுள் இன்டெல்லின் கோர் டூயோ இருந்தது. விலை 1,099 டாலரில் தொடங்கிற்று. அதே வேகச் செயலியுடைய வெள்ளை நிறக் கணினி 1,299 டாலர், கறுப்பு நிறக் கணினி 1,499 டாலர் என்று விலை வைத்தபோது, சற்றே பெரிய வட்டு ஒன்றைத் தவிர, நிறத்துக்குத்தானே இவ்வளவு விலை என்று பலர் நகைத்தனர். நகைத்துக்கொண்டே வாங்கியோரும் உளர்.

அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் இன்டெல் நிறுவனம் கோர் 2 டூயோ என்னும் புதிய செயலியை அறிமுகம் செய்தது. அன்று தொடங்கியது காத்திருப்பு. செப்டம்பரில் ஆப்பிளின் மேசைக் கணினி அதனைப் பெற்றது. அக்டோபரில் தொழில்முறையாளர் மடிக்கணினி பெற்றது. நவம்பர் 8ஆம் நாள் மேக்புக்கும் பெற்றது. தொடக்க விலை அதே 1,099 டாலர். உயர்நிலை வகைகளில் நினைவகமும் வட்டும் முன்னிலும் பெருகியிருந்தன. அவற்றின் விலையும் உயரவில்லை.

அப்பொழுது எழுந்த குரல்களை மூவகையாகப் பகுக்கலாம். காத்திருந்தவர்கள் தம் பொறுமைக்குப் பரிசு கிடைத்ததென மகிழ்ந்தனர். மே திங்களில் வாங்கியவர்கள் தம் பணம் பறிபோனது போல் வருந்தினர். மூன்றாம் வகையினர், "கிகாஹெர்ட்ஸ் எண்ணிக்கை அப்படியே இருக்கிறதே, இதில் என்ன புதுமை?" என்று வினவினர். செயலி துடிக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை மிகுதியாகலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இரு தச்சர்கள் நிமிடத்திற்கு ஒரே எண்ணிக்கையில் உளியைத் தட்டலாம். ஆயினும் ஒருவர் செதுக்குவது மற்றவரினும் ஆழமாக இருக்கலாம் அன்றோ!

இவர்களுள் இரண்டாம் வகையினரின் வருத்தமே நம் ஆய்வுக்குரியது. அவர்தம் கணினி நவம்பர் 7ஆம் நாள் செய்த வேலையை நவம்பர் 9ஆம் நாளும் குறைவின்றிச் செய்தது. ஒரு பக்கத்தைத் தட்டச்சிட முன்னாள் எவ்வளவு நேரம் பிடித்ததோ அவ்வளவு நேரமே மறுநாளும் பிடித்தது. மாறியது கணினியன்று, அதனைப் பார்த்த கண்.

யார் உண்மையில் இழந்தார்?

ஆயினும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் வாங்குவோருக்கு அநீதி இழைத்தவராவோம். ஏனெனில் கோர் டூயோவுக்கும் கோர் 2 டூயோவுக்கும் இடையே வேகத்தைவிட ஆழமான வேறுபாடு ஒன்று இருந்தது. முன்னது 32 பிட் செயலி. பின்னது 64 பிட் செயலி. நினைவகத்தில் உள்ள ஒவ்வோர் அறைக்கும் செயலி ஒரு கதவெண் தருகிறது எனக் கொள்வோம். 32 இலக்கங்களால் தரக்கூடிய கதவெண்கள் ஏறத்தாழ 429 கோடி. அதாவது 4 கிகாபைட். 64 இலக்கங்களால் தரக்கூடியவையோ எண்ணி மாளாதவை. 2006ஆம் ஆண்டின் மேக்புக் 2 கிகாபைட் நினைவகத்துக்கே வடிவமைக்கப்பட்டது. ஆகவே அன்று இவ்வேறுபாடு எவருக்கும் பயன் தந்ததில்லை. வாங்கியோருள் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவும் இல்லை.

ஆனால் 2011 ஜூலை 20ஆம் நாள் ஆப்பிள் தன் இயங்குதளத்தின் லயன் பதிப்பை வெளியிட்டபோது, கோர் 2 டூயோ முதலான செயலிகளில் மட்டுமே அது இயங்கும் என அறிவித்தது. மே திங்களில் வாங்கியவரின் வாயில் அடைபட்டது. நவம்பரில் வாங்கியவர் உள்ளே சென்றார். ஐந்தாண்டுக்கு முன் எவரும் பொருட்படுத்தாத ஓர் எண், ஐந்தாண்டுக்குப்பின் ஒரு கணினியின் ஆயுளைத் தீர்மானித்தது.

இங்கே ஒரு கணக்கினைப் பார்த்தல் நன்று. 2006 மேயில் வாங்கியவர்க்கு லயன் மறுக்கப்பட்டபோது அவர் கணினிக்கு அகவை ஐந்தாண்டு இரண்டு திங்கள். நவம்பரில் வாங்கியவரின் நிலை என்னவாயிற்று? அடுத்த ஆண்டே, 2012 ஜூலையில் வந்த மவுண்டன் லயன் பதிப்பு அவர் கணினியையும் ஏற்க மறுத்தது. அப்போது அக்கணினிக்கு அகவை ஐந்தாண்டு எட்டுத் திங்கள். வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆறு திங்களே. அவர் ஆறு திங்கள் காத்திருந்து பெற்ற ஆதாயம் ஏறத்தாழ ஆறு திங்களே! காத்திருந்த காலத்தையும் கணக்கிற் சேர்த்தால் ஆதாயம் எவ்வளவு என்பதை வாசகர்களே கூட்டிக் கழித்துக் கொள்க.

உண்மையில் இழந்தவர் மற்றொருவர். அவரைப் பற்றிப் பேசியவர் சிலரே. 2006 ஏப்ரலில், விற்பனை முடிவதற்குச் சற்று முன்பு, பவர்பிசி செயலியுடைய கடைசி ஐபுக் கணினியை வாங்கிய மாணவரை எண்ணிப் பாருங்கள். 2009 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த ஸ்நோ லெப்பர்டு பதிப்பு பவர்பிசி கணினிகளை முற்றாகக் கைவிட்டது. அம்மாணவர்க்குக் கிடைத்தவை மூன்றாண்டு நான்கு திங்களே. பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் சிறிது காலம் வந்தன என்பது உண்மை. ஆனால் புதிய பதிப்பு வருவது நின்றுபோயிற்று. மாற்றம் வரப்போகிறது என்பது 2005இலேயே அறிவிக்கப்பட்டதுதானே என்பர். ஆம், மாற்றம் வரும் என்று சொன்னார்கள். பழையதை எத்தனை ஆண்டு பேணுவோம் என்று சொன்னார்களா? அந்த ஒரு வரி அன்றைய விலைப்பட்டியலில் இருந்திருப்பின் அம்மாணவர் ஒருகால் ஒரு திங்கள் பொறுத்திருப்பார். உரத்து ஒலித்த முறையீட்டில் இழப்பு சிறிது. ஒலியின்றி அடங்கிய முறையீட்டில் இழப்பு பெரிது.

மீண்டும் ஒரு மாற்றம்

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நாடகம் மீண்டும் நடந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் இன்டெல் செயலியோடு புதிய மேக்புக் ஏர் வெளிவந்தது. விலை 999 டாலர். 2015 முதல் ஆப்பிள் மடிக்கணினிகளில் இடம்பெற்ற மெல்லிய விசைப்பலகை அடிக்கடி பழுதுற்று வந்தமையால், அது மாறட்டும் என்று காத்திருந்தோர் ஏராளம். மார்ச் கணினியில் அது மாறியது. காத்திருந்தோர் மகிழ்ந்து வாங்கினர்.

ஜூன் 22ஆம் நாள் டிம் குக், தம் நிறுவனமே வடிவமைத்த செயலிகளுக்கு இரண்டாண்டுகளில் மாறப்போவதாக அறிவித்தார். நவம்பர் 10ஆம் நாள் எம்1 செயலியோடு மேக்புக் ஏர் வந்தது. விலை அதே 999 டாலர். உள்ளே காற்றாடி இல்லை. ஆகவே ஓசையும் இல்லை. நிறுவனத்தின் கணக்குப்படி இணையத்தில் உலவ மார்ச் கணினி ஒருமுறை மின்னேற்றியதும் 11 மணி நேரம் உழைக்கும். நவம்பர் கணினி 15 மணி நேரம் உழைக்கும். எட்டே திங்களில் இவ்வளவு பெரிய தாவலை இவ்வரிசை முன்பு கண்டதில்லை எனலாம். வியப்பு மிகுந்தது; அதற்கேற்ப மார்ச்சில் வாங்கியோரின் வருத்தமும் மிகுந்தது.

குறை கூறியோரும் இருந்தனர். விண்டோஸ் இயங்குதளத்தை நேரடியாக நிறுவி இயக்கும் வசதி புதிய கணினியில் இல்லை. வெளித்திரை ஒன்றைத்தான் இணைக்க முடியும். முகம் காட்டும் படக்கருவியின் தெளிவு பழைய 720 என்ற அளவிலேயே நின்றது. இவற்றுள் முதற்குறை சிலருக்கு மிகப் பெரியது. விண்டோஸ் மென்பொருளையே நம்பிப் பணிபுரிவோர்க்கு மார்ச் கணினியே ஏற்றது. நவம்பர் கணினி அவர்க்கு உதவாது. 'புதியது' என்பதும் 'எனக்கு ஏற்றது' என்பதும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி அந்த எட்டுத் திங்களையும் நினைவிற் கொள்க. 2020 மார்ச் முதல் நவம்பர் வரை உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தது. பள்ளியும் கல்லூரியும் அலுவலகமும் கணினித் திரைக்குள் புகுந்தன. நம் மாணவர் பலர் கணினியின்றிக் கைப்பேசியின் சிறிய திரையில் யாப்பருங்கலக்காரிகை வகுப்பைக் கேட்டதை நான் மறக்கவில்லை. அலகிட்டு வாய்பாடு கூற வேண்டிய பாடத்தை உள்ளங்கை அகலத் திரையில் அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதை எண்ணினால் இன்றும் வருத்தமே மேலிடுகிறது. அக்காலத்தில் கையில் ஒரு மடிக்கணினி இருந்ததே பெரும்பேறு. மார்ச்சில் வாங்கியவர் எம்1 செயலியை இழந்தார். ஆனால் ஈடுசெய்ய இயலாத எட்டுத் திங்களைப் பெற்றார். வேகக் கணக்கில் இந்த வரவை எவரும் எழுதுவதில்லை.

மார்ச் கணினியின் பிற்காலத்தையும் கூறிவிடுதல் முறை. 2024இல் வந்த செக்கோயா பதிப்பு வரை அது ஏற்கப்பட்டது. 2025 செப்டம்பர் 15ஆம் நாள் வந்த தாஹோ பதிப்பு இன்டெல் செயலியுடைய மேக்புக் ஏர் எதனையும் ஏற்கவில்லை; எம்1 கணினியை ஏற்றது. ஆக, மார்ச் கணினிக்குக் கிடைத்தவை ஐந்தரை ஆண்டுகள், அதாவது 66 திங்கள். 999 டாலரை 66ஆல் வகுத்தால் திங்களுக்குச் சற்றேறக்குறைய 15 டாலர். இது கொடிய கொள்ளையன்று, பெரிய கொடையுமன்று.

வாய்திறவாமைக்கு ஒரு காரணம்

"புதியது வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்ன?" என்று கேட்பது இயல்பே. நிறுவனங்கள் வாய்திறவாமைக்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. அவ்வரலாற்றின் நாயகர் நம் தமிழ் மண்ணில் வளர்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

ஆடம் ஆஸ்பர்ன் என்னும் ஆங்கிலேயர் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். இரமண மகரிஷியைப் பற்றிய நூல்களை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்னின் மகன். திருவண்ணாமலையில் இளமையைக் கழித்தவர். இவர் அமெரிக்கா சென்று 1981இல் ஆஸ்பர்ன் 1 என்னும் கணினியை வெளியிட்டார். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ ஐந்து அங்குலம். விலை 1,795 டாலர். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினிகளுள் வணிகத்தில் முதன்முதலாக வெற்றி கண்டது அதுவே. இன்றைய மடிக்கணினிகளின் மூதாதை எனலாம்.

1983இல் அடுத்து வரவிருக்கும் சிறந்த கணினியைப் பற்றி அவர் முன்கூட்டியே பேசத் தொடங்கினார். கடைக்காரர்கள் பழைய கணினிக்கான ஆணைகளை நிறுத்திக்கொண்டனர். புதியது கைக்கு வருமுன் பணம் வறண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப்போயிற்று. போட்டி நிறுவனங்களின் மலிவான கணினிகள் முதலிய வேறு காரணங்களும் உண்டென ஆய்வோர் கூறுவர். ஆயினும் 'ஆஸ்பர்ன் விளைவு' என்னும் பெயர் வணிகவியலில் நிலைத்துவிட்டது. ஆஸ்பர்ன் பின்னர்த் தமிழகம் திரும்பி, 2003இல் கொடைக்கானலில் மறைந்தார்.

ஆகவே நாளைய பொருளைப் பற்றி மௌனம் காப்பதை நான் குற்றம் என்று கூறமாட்டேன். வணிகத்தில் அது தற்காப்பு. நாளை எது பிறக்கும் என்பதைச் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை. ஆனால் இன்று விற்கும் பொருளை எத்தனை நாள் பேணுவோம் என்பதைச் சொல்லும் கடமை உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாற்றான் வாங்குவோரின் நியாயமான முறையீடு வலுவிழந்து போகிறது.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

2007ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் விற்பனைக்கு வந்த ஐபோன் கைப்பேசியின் விலையைச் செப்டம்பர் 5ஆம் நாள் 599 டாலரிலிருந்து 399 டாலராக ஆப்பிள் குறைத்தது. முன்னரே வாங்கியோர் கொதித்தெழுந்தனர். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக மடல் எழுதி, அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள சலுகையை அறிவித்தார். விலை குறைந்தால் குறைந்த தொகை இவ்வளவு என்று சுட்டிக் காட்டலாம். எனவே ஈடும் கேட்கலாம். செயலி மாறினால் இழப்பு இவ்வளவு என்று சுட்ட இயலாது. புதியது வந்த நாளில் பழையது தேய்வதில்லை. ஆகவே, "புதிய செயலி வந்துவிட்டது, எனக்கு ஈடு தருக" என்னும் முறையீடு நிற்காது. வாங்கிய பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்னும் ஆப்பிளின் விதி ஒன்றே அதற்குள்ள வடிகால்.

நிற்கக்கூடிய முறையீடு வேறு. "இக்கணினிக்குப் புதிய பதிப்புகள் எந்த ஆண்டுவரை வரும்? பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும்? பெட்டியின்மேல் அச்சிட்டுத் தருக" என்பதே அது. மருந்துப் புட்டியில் காலாவதி நாள் அச்சிடப்படுகிறது. ரொட்டிப் பொட்டலத்திலும் அச்சிடப்படுகிறது. இருபது ரூபாய்ப் பொருளுக்கு உள்ள இந்த நேர்மை, ஓராண்டுச் சேமிப்பை விழுங்கும் பொருளுக்கு வேண்டாமா?

இது நடவாத கற்பனையன்று. கூகுள் நிறுவனம் 2023 செப்டம்பரில் குரோம்புக் மடிக்கணினிகளுக்குப் பத்தாண்டுக் காலம் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை விற்பவர் வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. ஆனால் அச்சட்டத்தில் மடிக்கணினிக்கு விலக்கு அளித்துவிட்டனர்! பேசும் பொம்மைக்குள்ள காப்பு பெரியவர்கள் வாங்கும் மடிக்கணினிக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதனினும் ஒருபடி மேலே சென்றுள்ளது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முதன்மையான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பேணும் காலம் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையலாகாது. அது முடியும் ஆண்டும் திங்களும் வாங்கும்போதே தெரிவிக்கப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. 2006 ஏப்ரலில் கடைசி ஐபுக்கை வாங்கிய மாணவரின் சொல்லப்படாத முறையீடு இருபதாண்டுக்குப்பின் சட்டமாக எழுதப்பட்டுள்ளது என்றே நான் இதனைக் கருதுகிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "பழையதை நெடுங்காலம் பேணினால் புதியதை ஆக்கும் வேகம் தடைப்படாதா?" என்பர். ஓரளவு தடைப்படும். 32 பிட் சுமையைக் கழித்ததால்தான் இயங்குதளம் முன்னேறியது என்பதும் மெய்யே. யான் வேண்டுவது என்றென்றும் பேணுக என்பதன்று. கைவிடுக, ஆனால் கைவிடும் நாளை முன்னமே சொல்லிவிட்டுக் கைவிடுக என்பதே.

மாணவர்க்குச் சொன்னது

துறை வாயிலில் நின்ற அம்மாணவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. மூன்று வினாக்களை மட்டும் கேட்டேன். "தம்பி, இந்த ஆறு மாதத்தில் உமக்குக் கணினி வேண்டுமா, வேண்டாமா? உம் வேலைக்கு எது போதும்? இது எத்தனை ஆண்டு பேணப்படும்?"

முதல் வினாவிற்கு உடனே விடை சொன்னார். அவருடைய ஆய்வேட்டினை நான்கு திங்களில் அளித்தாக வேண்டும். அதுவரை நண்பர்களின் கணினியை இரவல் கேட்டுத் திரிய வேண்டும். இரண்டாவதற்கும் விடை கிடைத்தது. தமிழில் தட்டச்சிடவும், பழைய நூல்களின் படப்பிரதிகளைப் படிக்கவும், அவ்வப்போது காணொலி ஒன்றைத் தொகுக்கவும் முந்தைய ஆண்டின் செயலியே மிகை. மூன்றாவதற்கு இருவருக்கும் விடை தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியாது. அந்த மௌனமே உண்மையான குறை என்று அவரிடம் கூறினேன்.

சற்று நேரம் நின்றவர், "அண்ணன் அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும் ஐயா" என்றார். வெயிலில் உழைத்து ஈட்டிய பணத்தில் தம்பிக்கென ஒருவர் வாங்கி வரும் பொருளைக் கையில் வாங்குமுன்பே, அது பழையதாகிவிடுமோ என்று தம்பி கலங்குவாரானால், பழுது பொருளிலா இருக்கிறது? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே உணர்ந்திருக்க வேண்டும். அன்றிரவே அண்ணனுக்குச் செய்தி அனுப்பிவிட்டதாக மறுநாள் சொன்னார்.

புதிய செயலி நாளையும் வரும். அதற்கு மறுநாளும் வரும். அதனை வரவேற்போம், அதனை ஆக்கியோரின் அறிவைப் போற்றுவோம். ஆனால் பிறர் கையில் உள்ள புதியதைக் கண்டு நம் கையில் உள்ளதை இகழும் பழக்கத்தை விட்டொழிப்போம். நாம் சினங்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டெனில், அது வேகம் மிகுந்த புதுமையின்மேல் அன்று. ஆயுள் எழுதப்படாத பெட்டியின்மேலேயே ஆகும். அவ்வெழுத்து அச்சேறும் நாளில், 'ஏமாந்துவிடுவேனோ' என்னும் வினாவிற்கு மாணவரே விடை கண்டுகொள்வார். ஆசிரியரை நாடி வர வேண்டிய தேவை இராது.